கச்சேரி டிக்கெட்டை யாரிடம் வாங்குவது? வழிகளின் ஒப்பீடு

2024 செப்டம்பர் 22 பகல் 12 மணிக்கு, பிரிட்டனின் கோல்ட்பிளே இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சிகளுக்கு புக்மைஷோவில் டிக்கெட் விற்பனை தொடங்கியது. கூட்டம் தாங்காமல் தளம் திணறியது. ரூ.2,500 முதல் ரூ.35,000 வரை விலை வைத்திருந்த டிக்கெட்டுகள் மளமளவென்று தீர்ந்தன. 2025 ஜனவரி 18, 19 என்று அறிவித்திருந்த நிகழ்ச்சிகளோடு 21-ம் தேதியும் சேர்க்கப்பட்டது. அதற்குள்ளேயே மறுவிற்பனைத் தளங்களில் அந்த டிக்கெட்டுகளுக்கு லட்சக்கணக்கில் விலை போட்டிருந்தார்கள். வயாகோகோ, கிக்ஸ்பெர்க் போன்ற தளங்களோடு தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று புக்மைஷோ அறிவித்து, போலீஸில் புகாரும் கொடுத்தது. அடுத்த மாதமே கோல்ட்பிளே, பாடகர் தில்ஜித் தோசாஞ்ச் நிகழ்ச்சிகளின் டிக்கெட் மோசடி தொடர்பாக டெல்லி, மும்பை, ஜெய்ப்பூர், சண்டிகர், பெங்களூரு ஆகிய நகரங்களில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாகப் போலி டிக்கெட்டுகள் விற்கப்பட்டதாக அது தெரிவித்தது.

விருப்பமான கலைஞரின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் கிடைக்காதபோது மனம் படும் அவசரத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. விற்பவர் நல்லவரா, பேச்சு நம்பும்படி இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். வாசலில் ஸ்கேன் செய்யும் கருவியின் பதிவில் இந்த டிக்கெட் யார் கணக்கில் இருக்கிறது? நிகழ்ச்சி ரத்தானால் பணம் யாருக்குத் திரும்பிப் போகும்? இரண்டுக்கும் “எனக்கு” என்பது பதிலானால் வாங்கலாம். ஒன்றுக்கு மட்டும் என்றால் யோசித்து வாங்கலாம். இரண்டுக்கும் “வேறொருவருக்கு” என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்; உங்களோடு சேர்ந்தே வாசலுக்கு வரும் நண்பர் மட்டும் விதிவிலக்கு. கீழே வரும் எல்லா வழிகளையும் இந்த அளவுகோலை வைத்தே ஒப்பிடுகிறோம்.

வாசலில் என்ன நடக்கிறது

டிக்கெட்டில் இருக்கும் கியூஆர் குறியீடு வெறும் எண் வரிசைதான். கருவி அதைப் படித்ததும் பதிவில் தேடி, “செல்லும், உள்ளே விடலாம்” என்று காட்டுகிறது. அதே நொடியில் அந்த எண் “பயன்படுத்தப்பட்டது” என்று மாறிவிடும். பிடிஎஃப் கோப்பையோ ஸ்க்ரீன்ஷாட்டையோ பத்துப் பேருக்கு அனுப்பியிருந்தால், முதலில் வாசலுக்கு வந்தவர் உள்ளே போவார். மற்ற ஒன்பது பேரிடமும் இருப்பது அச்சு அசல் உண்மையான டிக்கெட்டின் நகல்தான். போலி என்று சொல்லவே முடியாது, ஆனாலும் அது செல்லாது. “விற்றவர் டிக்கெட்டைக் காட்டினார், ஆர்டர் மெயிலையும் காட்டினார், எல்லாம் சரியாகத்தானே இருந்தது” என்று பலர் சொல்வது இதனால்தான். உண்மையான டிக்கெட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்வதால் ஒரு பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

வாசலில் நிற்கும் ஊழியரால் இந்தத் தகராறைத் தீர்க்க முடியாது. முன்பதிவு யார் பெயரில், எந்தக் கைப்பேசி எண்ணில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு வந்து நின்றால்தான் அவர்கள் காது கொடுப்பார்கள். மின் டிக்கெட்டைக் காட்டிக் கையில் கட்டும் பட்டை வாங்க வேண்டிய நிகழ்ச்சிகளில் இது இன்னும் கறாராக இருக்கும்.

சில நிறுவனங்கள் நகல் தொல்லைக்கு முடிவு கட்ட, சில விநாடிகளுக்கு ஒருமுறை தானே மாறும் குறியீட்டைக் கொண்டுவந்திருக்கின்றன. டிக்கெட்மாஸ்டரின் சேஃப்டிக்ஸ் அப்படிப்பட்டது. அங்கே ஸ்க்ரீன்ஷாட்டுக்கு மதிப்பே கிடையாது. உங்கள் நிகழ்ச்சியின் டிக்கெட் எந்த வகை என்பதை விதிமுறைப் பக்கத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். “ஸ்க்ரீன்ஷாட் ஏற்கப்படாது, செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும்” என்று போட்டிருந்தால், வெளியாரிடம் வாங்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

முதல் வழி: அறிவிக்கப்பட்ட தளத்தில் நேரடியாக வாங்குவது

இந்தியாவில் பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட் இன்று பெரும்பாலும் இரண்டு இடங்களில் விற்கிறது. ஒன்று புக்மைஷோ. மற்றொன்று டிஸ்ட்ரிக்ட். 2024 ஆகஸ்டில் பேடிஎம்மின் டிக்கெட் வியாபாரத்தை சொமாட்டோ ரூ.2,048 கோடிக்கு வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் சொமாட்டோவின் டிஸ்ட்ரிக்ட் செயலி வந்தது. பேடிஎம்மின் பழைய டிக்கெட் தளமான பேடிஎம் இன்சைடரின் பெயரைச் சொல்லி யாராவது புதிதாக இணைப்பு அனுப்பினால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஒரு நிகழ்ச்சிக்கு எந்தத் தளம் என்பதைக் கூகுளில் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது. தேடல் முடிவின் உச்சியில் வருவது விளம்பரம். காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும் அங்கே நிற்கலாம். கலைஞரின் சரிபார்க்கப்பட்ட சமூக வலைதளக் கணக்கிலோ நிகழ்ச்சி அமைப்பாளரின் பக்கத்திலோ இருக்கும் இணைப்பை மட்டும் தொடுங்கள். செயலியை நீங்களே திறந்து நிகழ்ச்சியின் பெயரைத் தேடுவது அதைவிட நல்லது. பெரிய நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தளத்துக்குத்தான் விற்பனை உரிமை இருக்கும். “அங்கே தீர்ந்துவிட்டது, இங்கே இன்னும் இருக்கிறது” என்று இன்னொரு தளம் சொன்னால் அது மறுவிற்பனையாக இருக்கும், இல்லையென்றால் மோசடி.

இணைய முகவரியைப் படிக்கத் தெரிந்திருப்பது பெரிய காவல். முகவரியில் முதல் தனிச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் முடியும் பகுதியைப் பாருங்கள். புக்மைஷோ என்ற சொல் முகவரியில் எங்கோ ஓரிடத்தில் இருந்தால் போதாது. அந்தச் சாய்கோட்டுக்கு ஒட்டி முன்னால், புக்மைஷோ டாட் காம் என்றே முடிய வேண்டும். “புக்மைஷோ-ஆஃபர்ஸ்”, “புக்மைஷோ டாட் டிக்கெட்ஸ் டாட் இன்ன பிற” என்று வால் நீண்டால் வெளியே வந்துவிடுங்கள். பூட்டுக் குறி இருப்பதால் தளம் நம்பகமானது என்று அர்த்தமில்லை. போலித் தளங்களும் அதை இலவசமாகவே பெற்றுக்கொள்கின்றன.

விற்பனை நாளில் டிக்கெட் கை நழுவுவதற்குப் பெரும்பாலும் சின்னச் சின்ன காரணங்கள்தான். முந்தைய நாளே கணக்கில் உள்நுழைந்து, கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சரிபார்த்து வையுங்கள். அட்டையில் இணையப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா, நாள் வரம்பு போதுமா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். புதிய போனில் யுபிஐ பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்கு ரூ.5,000-க்கு மேல் அனுப்ப முடியாது. விற்பனை நாளன்று காலையில் போனை மாற்றிவிட்டுத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய விற்பனைகளில் காத்திருப்பு அறை இருந்தால் அறிவித்த நேரத்துக்கு முன்பே அதற்குள் போய்விடுங்கள். வரிசை எண் வந்தபின் பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். ஒரே கணக்கை நான்கு கருவிகளில் திறப்பதாலும் பயன் இல்லை. தளம் உங்களை வெளியே தள்ளும் வாய்ப்புதான் கூடும். எத்தனை டிக்கெட், எந்தப் பகுதி, அது இல்லையென்றால் அடுத்தது எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தால், திரையில் எண்ணிக்கொண்டிருக்கும் நிமிடங்கள் வீணாகாது.

பணம் போய் டிக்கெட் வராமல் போவதும் நடக்கும். பதறி உடனே இன்னொரு முறை கட்ட வேண்டாம். முதலில் செயலியின் “என் முன்பதிவுகள்” பக்கத்தைப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். யுபிஐயில் உங்கள் கணக்கில் கழிந்து வியாபாரிக்கு உறுதி போகாவிட்டால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. அந்த இடைவெளியில்தான் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். இணையத்தில் “வாடிக்கையாளர் சேவை எண்” என்று தேடி, போலி எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொன்ன திரைப் பகிர்வுச் செயலியை இறக்கி, மீதிப் பணத்தையும் இழக்கிறார்கள். உதவி வேண்டுமென்றால் செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, டிக்கெட் விலையோடு வசதிக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். கடைசித் திரையில் மொத்தத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். நிகழ்ச்சி ரத்தானால் இந்த வசதிக் கட்டணம் திரும்புமா என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும், விதிமுறையில் அதைத் தேடிப் படியுங்கள். இன்னொன்று: பல நிகழ்ச்சிகளில் டிக்கெட்டைக் கட்டம் கட்டமாகத் திறந்துவிடுகிறார்கள். முதல் கட்டம் தீர்ந்ததும் “விற்றுத் தீர்ந்தது” என்று பார்த்துவிட்டு வெளியாரிடம் ஓடுபவர்கள், அடுத்த கட்டத்தில் சற்றே கூடுதல் விலைக்கு அதே தளத்தில் கிடைப்பதைக் கவனிப்பதில்லை. கோல்ட்பிளே, 2024 நவம்பர் 22 அன்று ரூ.2,000 விலையில் “இன்ஃபினிட்டி” டிக்கெட்டுகளைத் தனியாக வெளியிட்டது. இரண்டு மாதம் முன்பு கள்ளச்சந்தையில் கொட்டிக் கொடுத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தால் பொறுத்திருப்பார்கள். மேடை முழுதாகத் தெரியாத இருக்கைகள், விருந்தினருக்கு ஒதுக்கி மிஞ்சியவை ஆகியவை கடைசி வாரத்தில் திறக்கப்படுவதும் உண்டு. செயலியில் அறிவிப்பைப் போட்டுவைத்துக் காத்திருப்பதற்குக் காசு செலவில்லை.

டிக்கெட் உண்மையாக இருந்தும் இடம் இல்லாமல் போகும்போது

நேரடியாக வாங்கினால் டிக்கெட் உண்மையாக இருக்கும் என்பதற்குத்தான் உறுதி. நிகழ்ச்சி ஒழுங்காக நடக்கும் என்பதற்கு அதில் உறுதி இல்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலை பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மானின் “மறக்குமா நெஞ்சம்” நிகழ்ச்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 12-ல் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி அது. டிக்கெட் வைத்திருந்த ஏராளமானோர் கூட்ட நெரிசலில் உள்ளே போகவே முடியவில்லை. போக முடியாதவர்கள் டிக்கெட் நகலையும் தங்கள் குறையையும் மின்னஞ்சலில் அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். யாழ்ப்பாணம் முற்றவெளியில் 2024 பிப்ரவரி 9 அன்று ஹரிஹரன் நிகழ்ச்சியில், இலவசப் பகுதியில் நின்ற கூட்டம் தடுப்பை உடைத்துக்கொண்டு கட்டணப் பகுதிக்குள் வந்துவிட்டது.

ஆகவே விற்கும் தளத்தோடு அமைப்பாளரையும் எடை போட வேண்டும். முன்பு நடத்திய நிகழ்ச்சிகள் எவை, அவற்றில் வந்தவர்கள் வாகன நிறுத்தம், குடிநீர், வாசல் பற்றி என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். இருக்கை எண் தரப்படுகிறதா, பகுதிப் பெயர் மட்டும்தானா என்பது முக்கியம். எண் இல்லாத “கோல்டு”, “பிளாட்டினம்” பகுதிகளில் கொள்ளளவைவிடக் கூடுதலாக விற்றாலும் காகிதத்தில் தெரியாது. எண்ணிட்ட இருக்கை என்றால் இரண்டு பேருக்கு ஒரே எண் வந்து நின்றுவிடும், அதனால் கூடுதலாக விற்கத் துணிய மாட்டார்கள். இடம் வெட்டவெளியா அரங்கமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை காலத்தில் சென்னையில் வெட்டவெளி நிகழ்ச்சிக்கு வாங்குபவர், தேதி மாறினால் பணம் திரும்புமா, புதிய தேதிக்கே டிக்கெட் செல்லுமா என்ற வரியைப் படிக்காமல் கட்டக் கூடாது.

அனிருத்தின் “ஹுக்கும்” நிகழ்ச்சி 2025 ஜூலை 26-ல் திருவிடந்தையில் நடப்பதாக இருந்தது. கூட்டத்துக்கு இடம் போதாது என்று தள்ளிவைத்து, ஆகஸ்ட் 23-ல் கூவத்தூரில் நடத்தினார்கள். முதலில் வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் திரும்பும் பணம் எப்போதும் முதலில் கட்டிய கணக்குக்கே போகும். வெளியாரிடம் மூன்று மடங்கு கொடுத்து வாங்கியவருக்கு ஒரு ரூபாய் வராது. விற்றவரோ ஏற்கெனவே உங்களிடம் வாங்கியதையும் வைத்துக்கொண்டு, தளம் தந்ததையும் வைத்துக்கொள்வார். மறுவிற்பனையில் பலரும் எண்ணிப் பார்க்காத நஷ்டம் இது.

இரண்டாம் வழி: சபா, கவுன்ட்டர்

மார்கழிக் கச்சேரிகளுக்கு இந்தப் பதற்றம் எதுவும் தேவையில்லை. பெரும்பாலான சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகள் இலவசம்; மாலையின் முதன்மைக் கச்சேரிக்கே டிக்கெட். அதையும் சபாவின் சொந்த இணையதளம், எம்டிஎன்டி போன்ற தளங்கள், அரங்கத்தின் கவுன்ட்டர் ஆகிய இடங்களில் வாங்கலாம். சில சபாக்கள் நாள் டிக்கெட்டில் ஒரு பகுதியை அன்றைக்கே கவுன்ட்டரில் விற்பதற்கு என்று வைத்திருக்கின்றன. பெயர் பெற்ற பாடகர் என்றால் காலையிலேயே வரிசை நிற்கும்.

மியூசிக் அகாடமி போன்ற இடங்களில் சீசன் டிக்கெட்டுக்கும் உறுப்பினர்களுக்கும் நல்ல இருக்கைகள் போய்விடும். அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு: வர முடியாத உறுப்பினர் தன் இருக்கையைத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிடுவார். யாரிடமாவது அப்படி வாங்கினால், அந்தச் சபாவின் சீசன் அட்டையை இன்னொருவர் பயன்படுத்த விடுகிறார்களா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கவுன்ட்டரில் வாங்கும் காகித டிக்கெட்டில் இருக்கை எண், தேதி, நேரம் மூன்றையும் நகரும் முன்பே சரிபார்க்க வேண்டும். அது தொலைந்தால் மறுபதிப்பு தருவது அரிது. வாங்கிய கையோடு போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிகழ்ச்சிக்கு முன் அதைச் சமூக வலைதளத்தில் போட வேண்டாம். கியூஆர் தெரியும்படி படம் போட்டு, வேறொருவர் அதைப் பயன்படுத்தி உள்ளே போய்விட்டால் உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது.

மூன்றாம் வழி: செயலிக்குள் மறுவிற்பனை

வாங்கியவருக்கு வர முடியாமல் போவது இயல்பு. அந்த டிக்கெட்டை முறையாகக் கைமாற்ற ஒரு வழி இருந்தால் கள்ளச்சந்தைக்கு வேலையே குறைந்துவிடும். 2024 செப்டம்பரில் சொமாட்டோ இதற்காக ஒரு வசதியை அறிமுகப்படுத்தியது. வாங்கியவர் அதே செயலியில் டிக்கெட்டை விற்பனைக்கு வைக்கலாம், விலைக்கு இரண்டு மடங்கு என்ற உச்சவரம்பு உண்டு. விற்றதும் பழைய டிக்கெட் செல்லாததாகி, வாங்குபவர் பெயரில் புதிய டிக்கெட் உருவாகும்.

கடைசி வாக்கியம்தான் இதன் உயிர். பழைய குறியீடு இறந்து புதியது பிறப்பதால், நகல் தொல்லை வேரோடு போய்விடுகிறது. விலை இரு மடங்கு வரை ஏறலாம் என்பது எங்களுக்கு உவப்பானதல்ல. ஆனால் பாதுகாப்பைப் பொறுத்தவரை நேரடி விற்பனைக்கு அடுத்த இடம் இதற்குத்தான். எல்லா நிகழ்ச்சிக்கும் இந்த வசதி இருக்காது. நிகழ்ச்சிப் பக்கத்தில் அது காட்டப்பட்டால் மட்டுமே உண்டு. “செயலியில் மறுவிற்பனை செய்கிறேன், முன்பணம் தனியாக அனுப்புங்கள்” என்று யாராவது சொன்னால் அது பொய். செயலிக்குள் நடப்பதற்குச் செயலிக்குள்ளேயே பணம் போகும்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு இந்த வழி இன்னும் விரிந்திருக்கிறது. பிரிட்டனில் ட்விக்கெட்ஸ் தளம் முதல் விலைக்கு மேல் விற்க விடுவதில்லை. டிக்கெட்மாஸ்டர் 2018-ல் தன் மறுவிற்பனைத் தளங்களான கெட்மீஇன், சீட்வேவ் இரண்டையும் மூடிவிட்டு, ரசிகரிடமிருந்து ரசிகருக்கு விற்கும் வசதியைத் தன் தளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. லண்டனில் ஒரு தமிழ் நிகழ்ச்சிக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டால், முகநூல் குழுவுக்குப் போகும் முன் இவற்றைப் பார்ப்பது நல்லது.

நான்காம் வழி: தெரிந்தவரின் உபரி டிக்கெட்

அலுவலக நண்பர் நான்கு வாங்கினார், ஒருவர் வரவில்லை. இதில் மோசடிக்கு இடம் குறைவு, குழப்பத்துக்கு இடம் அதிகம். செயலியில் கைமாற்றும் பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவரோடு சேர்ந்தே வாசலுக்குப் போவது ஒன்றுதான் உறுதியான வழி. நான்கு டிக்கெட்டும் ஒரே குறியீட்டில் இருந்தால் நான்கு பேரும் ஒன்றாகத்தான் போக வேண்டியிருக்கும், தாமதமாக வருபவர் வெளியே நிற்பார். ரத்தானால் பணம் அவர் கணக்குக்கு வரும், வந்ததும் தருவார் என்பதை முன்கூட்டியே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். நட்பில் இதைப் பேசக் கூச்சப்பட்டுப் பிறகு மனவருத்தம் வருகிறது.

“தெரிந்தவருக்குத் தெரிந்தவர்” தெரிந்தவர் அல்ல. வாட்ஸ்அப் குழுவில் அத்தை மகன் அனுப்பிய செய்தியாக இருந்தாலும், அவருக்கே யாரோ அனுப்பியது என்றால் அது அந்நியரிடம் வாங்குவதுதான்.

ஐந்தாம் வழி: பன்னாட்டு மறுவிற்பனைத் தளங்கள்

வயாகோகோ போன்றவை போலித் தளங்கள் அல்ல. விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் சந்தைகள். அங்கே டிக்கெட்டைக் கையில் வைத்திராமலே, பிறகு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று விலை போடுபவர்களும் இருக்கிறார்கள். விற்பனை தொடங்கும் முன்பே அங்கே டிக்கெட் தெரிந்தால் காரணம் அதுதான். ஆஸ்திரேலியாவில் 2020-ல் கூட்டாட்சி நீதிமன்றம் வயாகோகோவுக்கு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. தன்னை அதிகாரப்பூர்வ விற்பனையாளர் போலக் காட்டியது, 27.6 சதவீத முன்பதிவுக் கட்டணத்தைச் சரியாகத் தெரிவிக்காதது ஆகியவை அதற்கான காரணங்களில் அடங்கும். 2019-ல் கூகுளே சில மாதங்கள் அதன் விளம்பரங்களை நிறுத்தி வைத்தது.

உத்தரவாதம் தருவதாக இந்தத் தளங்கள் சொல்கின்றன. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் நிரூபித்துப் பணம் வாங்கலாம் என்பதுதான் அதன் பொருள். அன்றைய மாலைக்கு ஈடு கிடையாது. விமானம், விடுதிச் செலவுக்கும் கிடையாது. இந்திய அமைப்பாளர்கள் மறுவிற்பனை டிக்கெட்டைச் செல்லாது என்று அறிவிக்க விதிமுறையில் இடம் வைத்திருக்கிறார்கள். இந்திய நிகழ்ச்சிக்கு இந்த வழியை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

ஆறாம் வழி: இன்ஸ்டாகிராம், டெலிகிராம், வாசல் கள்ளச்சந்தை

இங்கே உண்மையாகவே விற்பவர்களும் இருக்கலாம். ஆனால் அவர்களைப் பிரித்தறிய உங்களிடம் ஒரு கருவியும் இல்லை. ஆதார் படம் அனுப்புவார்கள். அது முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கும். “முன்பு வாங்கியவர்கள் சொன்னது” என்று உரையாடல் படங்கள் அனுப்புவார்கள். அவற்றை ஐந்து நிமிடத்தில் தயாரிக்கலாம். பாதி இப்போது, பாதி டிக்கெட் வந்தபின் என்பார்கள். அந்தப் பாதியே அவர்களுக்கு லாபம். பாதி கட்டியதும் “ஜிஎஸ்டி”, “பெயர் மாற்றக் கட்டணம்”, “திரும்பத் தரப்படும் வைப்புத்தொகை” என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏற்கெனவே கொடுத்ததைக் காப்பாற்றிக்கொள்ள மேலும் மேலும் கட்டுவார்கள், இழப்பு பெருகுவது அப்படித்தான்.

யுபிஐயில் பெயரைக் கவனியுங்கள். பணம் அனுப்பும் முன் திரையில் வங்கியில் பதிவான பெயர் வரும். பேசியவர் பெயர் ஒன்று, அங்கே வரும் பெயர் வேறு என்றால் நிறுத்துங்கள். “அண்ணன் கணக்கு”, “மேனேஜர் கணக்கு” என்ற விளக்கங்கள் வேண்டாம். நீங்களே டிக்கெட் விற்பவராக இருந்தால், பணம் பெற எந்த கியூஆரையும் ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையில்லை என்பதை மறக்காதீர்கள். பின் எண் போட்டால் உங்கள் பணம்தான் வெளியே போகும்.

வாசலில் விற்பவரிடம் வாங்குவதற்கு ஒரே ஒரு சாதகம், டிக்கெட்டைக் கண்ணால் பார்க்கலாம் என்பது. அது போதாது என்பதை முன்பே பார்த்தோம்.

பணம் கட்டும் முறை

எந்த வழியில் வாங்கினாலும், எப்படிக் கட்டுகிறோம் என்பது தனிக் காவல். கிரெடிட் கார்டில் வியாபாரிக்குக் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் தகராறு எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதற்குக் கால வரம்பு உண்டு, நிகழ்ச்சி நடக்காத மறுநாளே எழுதிக் கொடுப்பது நல்லது. ஆர்டர் மெயில், விதிமுறைப் பக்கத்தின் படம், ரத்து அறிவிப்பு மூன்றும் இருந்தால் வாதம் நிற்கும். யுபிஐயில் பதிவான வியாபாரிக்குக் கட்டுவதற்கும் தனிநபருக்கு அனுப்புவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். தனிநபருக்கு நீங்களே பின் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி திருப்பித் தராது, “நானே அனுப்பினேன்” என்பது பதிவில் இருக்கிறது. ரொக்கத்துக்குச் சான்றே இல்லை. சபா கவுன்ட்டரில் மட்டும் ரொக்கம் பரவாயில்லை, அங்கே டிக்கெட் உடனே கையில் வந்துவிடுகிறது.

எனவே டிக்கெட் தீர்ந்துவிட்டது, மனம் அடங்கவில்லை என்றால், எங்கள் வரிசை இது: அதே தளத்தில் அடுத்த கட்டத்துக்கும் கடைசி வார வெளியீட்டுக்கும் காத்திருங்கள், செயலிக்குள் மறுவிற்பனை இருந்தால் அதைப் பாருங்கள், கூடவே வரும் நண்பரிடம் உபரி இருந்தால் வாங்குங்கள். மூன்றும் இல்லையென்றால் அந்த நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள். குடும்பத்தோடு வெளியூரிலிருந்து வருபவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். டிக்கெட் உங்கள் கணக்கில் உறுதியானபின் ரயிலும் விடுதியும் போடுங்கள். விடுதியில் இலவச ரத்து வசதி உள்ள அறையாக எடுங்கள்.

ஏமாந்துவிட்டால்

முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பணம் போன கணக்கில் அது இன்னும் இருந்தால் வங்கி வழியாக முடக்க முடியும். அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறிவிட்டால் கடினம். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் வங்கியின் பெயர், பணம் போன நேரம், தொகை, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், பெற்றவரின் யுபிஐ முகவரி அல்லது கணக்கு எண். அதே சமயத்தில் உங்கள் வங்கிக்கும் தகவல் கொடுங்கள். ஏமாற்றியவரைத் திட்டிச் செய்தி அனுப்பாதீர்கள்; உரையாடலை அவர் அழித்துவிடுவார். முதலில் எண், கணக்குப் பெயர், தேதி தெரியும்படி எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஏமாற்றுதல் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ம் பிரிவில் வருகிறது.

டிக்கெட் உண்மை, நிகழ்ச்சிதான் சொன்னபடி நடக்கவில்லை என்றால் வழி வேறு. முதலில் தளத்துக்கும் அமைப்பாளருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சான்று இருக்காது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிகழ்ச்சி நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலேயே பதியலாம், இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். உள்ளே விடப்படாத வாசலின் படம், அந்த நேரம், உங்கள் பெயரில் உள்ள டிக்கெட், கட்டியதற்கான வங்கிப் பதிவு ஆகியவற்றை மனுவோடு இணைக்க வேண்டும்.